லோன் போட்டு ஹோம்ஸ்டே வாங்கலாமா? ப்ரோக்கர் எக்செல்லும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும்



"கொடைக்கானல்ல ஒரு சின்ன வில்லா வருது சார். 60 லட்சம். லோன் போட்டு வாங்கி ஏர்பிஎன்பி-ல விட்டா, வர்ற காசுலயே இஎம்ஐ போயிடும், மாசம் 30 ஆயிரம் கையில நிக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

எஸ்ஐபி கேள்விக்கு அடுத்தபடியா என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான். கேக்கறவங்க எல்லாம் நல்ல சம்பளத்துல இருக்கற சின்ன வயசுக்காரங்க. முதல் பெரிய லோனையே இதுக்குத்தான் எடுக்கலாம்னு இருப்பாங்க. 20 வருஷக் கடன். அதனால "வாங்குங்க", "வாங்காதீங்க"ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

ப்ரோக்கர்கிட்ட இதுக்கு ஒரு எக்செல் ஷீட் இருக்கும். ஆனா இதே கேள்வியை வேற ஒரு கூட்டமும் ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு: பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். இணையமும் ஆப்பும் வந்த பிறகு சுற்றுலாவுல சின்ன முதலாளிக்கு உண்மையில என்ன நடந்துச்சுன்னு அரசாங்க வரிக் கணக்கையும் பிளாட்ஃபார்ம் டேட்டாவையும் வெச்சு அளந்து பார்த்திருக்காங்க. அவங்களுக்கு உங்ககிட்ட விக்கிறதுக்கு வில்லா எதுவும் இல்ல. அதனால அவங்க சொல்றதைக் கேக்கலாம்.

முதல்ல ப்ரோக்கர் கணக்கைப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

வீடு 60 லட்சம். கையிலிருந்து 15 லட்சம், லோன் 45 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் ₹39,050. ஒரு ராத்திரிக்கு ₹3,500, மாசம் 20 ராத்திரி புக்கிங். வரவு ₹70,000. இஎம்ஐ போக மிச்சம் ₹30,950. "பாத்தீங்களா சார், பேசிவ் இன்கம்!"

இதுல செலவே இல்ல, கவனிச்சீங்களா? பிளாட்ஃபார்ம் கமிஷன் 15%-ன்னு வைங்க, ₹10,500 போச்சு. வீட்டைப் பாத்துக்க ஒரு ஆள், ஒவ்வொரு கெஸ்ட் போனதும் சுத்தம் பண்றது, பெட்ஷீட் வெளுக்கறது, கரண்ட், வைஃபை, உடைஞ்ச கெய்சர் எல்லாம் சேர்த்து மாசம் ₹20,000-ன்னு வைங்க. இப்போ மிச்சம் எவ்வளவு? ₹450. நானூத்தி ஐம்பது ரூபாய். அதுவும் ப்ரோக்கர் சொன்ன ரேட், ப்ரோக்கர் சொன்ன 20 ராத்திரி, ரெண்டும் அப்படியே நடந்தா.

அந்த ரெண்டு எண்ணும் நிக்குமாங்கிறதுதான் இனி கேள்வி. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இங்கதான் உதவும்.

ஆஸ்டின் நகரம்: ரேட்டு என்ன ஆகும்?

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல ஹோட்டல்கள் தங்கும் வரி கட்டணும், அந்தக் கணக்கு பொதுவுல கிடைக்கும். ஜார்ஜியோஸ் செர்வாஸ், டேவிட் ப்ரோசெர்பியோ, ஜான் பையர்ஸ்னு மூணு பேர் அதை எடுத்துக்கிட்டு, ஏர்பிஎன்பி வந்ததால ஹோட்டல் வருமானம் எவ்வளவு குறைஞ்சதுன்னு பார்த்தாங்க. 2017-ல ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச் இதழ்ல வெளிவந்தது.

எப்படி அளந்தாங்கங்கிறது முக்கியம், ஏன்னா இதே உத்தியை நீங்க எங்கயும் பயன்படுத்தலாம். நீங்க ஒரு புது கோர்ஸ் முடிக்கிறீங்க, அந்த வருஷம் சம்பளம் 12% ஏறுது. கோர்ஸால வந்ததுன்னு லிங்க்ட்இன்ல போட்டுடலாம். ஆனா கோர்ஸே பண்ணாத பக்கத்து சீட்டுக்காரருக்கும் 10% ஏறியிருந்தா, கோர்ஸோட பலன் மிஞ்சிப் போனா 2%தான். அந்த மாதிரி, ஏர்பிஎன்பி நிறைய பரவின ஆஸ்டினையும் அந்த அளவுக்குப் பரவாத மத்த டெக்சாஸ் ஊர்களையும், முன்னாடி பின்னாடி வெச்சு ஒப்பிட்டாங்க. உங்ககிட்ட யாராவது "எங்க கெஸ்ட் ஹவுஸ் வருமானம் ரெண்டு வருஷத்துல டபுள்"னு சொன்னா, முதல்ல கேக்க வேண்டிய கேள்வி: பக்கத்து கெஸ்ட் ஹவுஸுக்கு எவ்வளவு ஏறுச்சு?

அவங்க கண்டுபிடிச்சது: ஆஸ்டின்ல பாதிப்பு 8 முதல் 10% வரை. அதிகமா அடி வாங்கினது விலை குறைவான ஹோட்டல்களும், பிசினஸ் பயணிகளை நம்பாத ஹோட்டல்களும். போட்டியைச் சமாளிக்க அவங்க முக்கியமா செஞ்சது ரேட்டைக் குறைச்சதுதான்.

"ஹோட்டலுக்குத்தானே அடி? நான் ஏர்பிஎன்பி பக்கம் இருக்கேனே"ன்னு நினைக்கலாம். நில்லுங்க. அந்தக் கட்டுரையில இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கு அதுதான் பெருசாப் படுது. கூட்டம் அலைமோதுற நாட்கள்ல ஹோட்டல் புதுசா ரூம் கட்ட முடியாது. ஆனா ஏர்பிஎன்பி-ல அந்த வாரத்துக்கு மட்டும் புதுப் புது வீடுகள் லிஸ்ட் ஆகும். அதனால சீசன்ல ரேட்டை இஷ்டத்துக்கு ஏத்துற பலம் ஹோட்டல்களுக்குக் குறைஞ்சுபோச்சு.

இதை அப்படியே மே மாசக் கொடைக்கானலுக்குக் கொண்டுவாங்க. ப்ரோக்கர் "ஆஃப் சீசன்ல காலியா இருந்தா என்ன, சீசன்ல ரெண்டு மடங்கு ரேட்டுல எடுத்துடலாம்"னு சொல்வார். நீங்க செல்போன்ல 20 நிமிஷத்துல லிஸ்ட் பண்ண முடியும்னா, உங்க எதிர் வீட்டுக்காரரும் அதே 20 நிமிஷத்துல பண்ண முடியும். அவருக்கு இஎம்ஐ இல்ல. தாத்தா கட்டின வீடு. அவர் ₹2,000-க்குக் குடுத்தாலும் லாபம்தான். உங்களுக்கு?

ஆஸ்டின் சதவீதத்தை அப்படியே தூக்கிக் கொடைக்கானல்ல ஒட்ட முடியாது, அது வேற ஊர், வேற சந்தை. எக்செல்ல எந்தக் கட்டத்தை அழுத்திப் பார்க்கணும்னு காட்டறதுதான் அந்தக் கட்டுரையோட உபயோகம். ரேட்டுக் கட்டத்தை 10% குறைச்சுப் பாருங்க. ₹3,500 இப்போ ₹3,150.

சிகாகோ: வேலைக்குப் போய்க்கிட்டே நடத்த முடியுமா?

உங்களுக்குன்னே எழுதின மாதிரி ஒரு ஆய்வு இருக்கு. ஜுன் லீ, அன்டோனியோ மொரேனோ, டென்னிஸ் ஜாங் மூணு பேரும் சிகாகோவுல ஏர்பிஎன்பி நடத்தறவங்களை ரெண்டா பிரிச்சாங்க. ரெண்டோ அதுக்கு மேலயோ வீடு வெச்சு நடத்தறவங்க ப்ரொஃபஷனல். ஒரே ஒரு வீடு வெச்சிருக்கறவங்க மத்தவங்க. வீட்டோட தரம், ஏரியா இதெல்லாம் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும், ப்ரொஃபஷனல் ஆட்களுக்கு ஒரு நாள் வருமானம் 16.9% அதிகம், வீடு நிரம்பறது 15.5% அதிகம். பாதியில கடையைச் சாத்திட்டுப் போறதும் அவங்ககிட்ட குறைவு.

ஏன்? ஒரு முக்கியக் காரணம் ரொம்பச் சாதாரணம். விடுமுறை, பெரிய மாநாடு மாதிரி நாட்களுக்கு ஏத்தபடி ஒத்தை வீட்டுக்காரங்க ரேட்டை மாத்தறதில்ல. தீபாவளி லாங் வீக்கெண்டுக்கும் ஜூலை மாசத்து செவ்வாய்க்கிழமைக்கும் ஒரே ரேட்டு. அலட்சியம்னு சொல்லிட முடியாது. அவங்களுக்கு வேற வேலை இருக்கு. உங்களுக்கும் இருக்கு. புதன்கிழமை மத்தியானம் ஸ்பிரின்ட் ரிவ்யூவுல உக்காந்திருக்கும்போது கெஸ்ட் "சுடுதண்ணி வரல"ன்னு மெசேஜ் அனுப்புவார். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பதில் போனா அது ரிவ்யூவுல தெரியும்.

ப்ரொஃபஷனலுக்கு 20 ராத்திரின்னா, 15.5% வித்தியாசத்துல உங்களுக்கு 17 ராத்திரி. இப்போ மறுபடி போடுவோம். 17 ராத்திரி, ₹3,150. வரவு ₹53,550. கமிஷன் போக ₹45,517. செலவும் இஎம்ஐ-யும் ₹59,050. மாசம் ₹13,500 சொச்சம் துண்டு விழுது. வருஷத்துக்கு ₹1.62 லட்சம். ஒரு மோசமான வருஷம், மாசம் 12 ராத்திரிதான் வந்துச்சுன்னா, துண்டு மாசம் ₹27,000 கிட்ட. அதை உங்க சம்பளத்துல இருந்து கட்டணும். அந்த ரேட்டுல கையைக் கடிக்காம இருக்க எத்தனை ராத்திரி வேணும்னு போட்டா, மாசம் 22. வருஷம் முழுக்க. மழைக்காலம் உட்பட.

"இஎம்ஐ-ல அசலும் இருக்கே சார், அது நம்ம சொத்துதானே?" நியாயமான கேள்வி. முதல் மாச இஎம்ஐ-ல ₹31,875 வட்டி. அசல் ₹7,175தான். ஆரம்ப வருஷங்கள்ல நீங்க பெரும்பாலும் பேங்குக்குத்தான் வாடகை கட்டறீங்க. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டுல கட்டி முடிச்ச பழைய வீட்டைக் கிரயம் வாங்கினா முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 60 லட்சத்துக்கு ₹5.4 லட்சம். கையிலிருந்து போட்ட 15 லட்சத்தோட சேர்த்தா ₹20.4 லட்சம். இந்தப் பணம் 7% டெபாசிட்ல சும்மா தூங்கினாலே மாசம் ₹11,900 வரும். இந்தக் கட்டம் ப்ரோக்கர் எக்செல்ல இருக்கவே இருக்காது.

அப்போ சின்ன ஆளுக்கு நல்லதே இல்லையா?

இருக்கு. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல மைக்கேல் லூகா 2011-ல ஒரு கட்டுரை எழுதினார். சியாட்டில் ரெஸ்டாரன்ட்கள், யெல்ப் தளத்துல அவங்க ரேட்டிங், வாஷிங்டன் மாநில வரித்துறை வெச்சிருந்த வருமானக் கணக்கு. நல்ல கடைக்கு நல்ல ரேட்டிங்கும் வரும், நல்ல வியாபாரமும் வரும். அப்போ ரேட்டிங்தான் வியாபாரத்தைக் கூட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது? அவர் பிடிச்ச வழி அழகானது. யெல்ப் அரை ஸ்டாருக்கு ரவுண்டு பண்ணிக் காட்டும். சராசரி 3.24 இருக்கற கடைக்கு 3 ஸ்டார் தெரியும், 3.26 இருக்கற கடைக்கு மூன்றரை தெரியும். ரெண்டு கடைக்கும் தரத்துல பெரிய வித்தியாசமே இல்ல, கண்ணுல படற ஸ்டார்லதான் வித்தியாசம். அந்த மாதிரி விளிம்புல இருக்கற கடைகளை ஒப்பிட்டார். ஒரு ஸ்டார் கூடினா வருமானம் 5 முதல் 9% கூடுது.

ஆனா அந்தப் பலன் முழுக்கத் தனிக் கடைகளுக்குத்தான். செயின் ரெஸ்டாரன்ட்களுக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா அவங்களைப் பத்தி ஜனங்களுக்கு முன்னாடியே தெரியும். யெல்ப் பரவப் பரவ செயின்களோட பங்கே குறைஞ்சது. பேர் தெரியாத, ஆனா நல்லா நடத்தற சின்ன ஆளுக்கு இணையம் உண்மையாவே கை குடுக்குது.

இதுலயும் ஒரு சிக்கல். ஆஸ்டின் ஆய்வு செஞ்ச அதே மூணு பேர் 2015-ல ஏர்பிஎன்பி ரேட்டிங்கைப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட 95% வீடுகளுக்கு நாலரை அல்லது 5 ஸ்டார். வீட்டுக்குள்ள போய்த் தங்கி, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தவங்க குறைச்சுப் போட மாட்டேங்கறாங்க. அதனால "எனக்கு 4.7 இருக்கு"ங்கிறது பெருமை இல்ல, வாசல்ல நிக்கிறதுக்கான டிக்கெட். 4.3 ஆச்சுன்னா ஆபத்து.

ஸ்டார் இவ்வளவு காசு தரும்னா, பொய் ரிவ்யூ போடற ஆசை வருமில்லையா? அதையும் அளந்திருக்காங்க. டினா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் ஷெவாலியே 2014-ல வெளியிட்ட ஆய்வு. எக்ஸ்பீடியால புக் பண்ணித் தங்கினவங்கதான் ரிவ்யூ போட முடியும், ட்ரிப்அட்வைசர்ல யார் வேணும்னாலும் போடலாம். ஒரே ஹோட்டலுக்கு ரெண்டு தளத்துலயும் இருக்கற ரிவ்யூவை ஒப்பிட்டா, பக்கத்துல சின்ன தனி முதலாளி ஹோட்டல் இருக்கற இடத்துல ட்ரிப்அட்வைசர்ல மோசமான ரிவ்யூ அதிகமா இருந்துச்சு. போட்டிக்காரர் வேலை. மச்சான், மாமான்னு பத்துப் பேரை விட்டு ரிவ்யூ போடச் சொல்ற ஐடியா உங்களுக்கு இருந்தா விட்டுடுங்க. இந்தியாவுல ஆன்லைன் ரிவ்யூக்குன்னே 2022-ல பிஐஎஸ் ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கு.

எக்செல்ல வராத இன்னொரு வரி

பிளாட்ஃபார்ம் வீடுகள் பெருகினா உள்ளூர்ல வாடகையும் வீட்டு விலையும் ஏறுதுன்னு அமெரிக்க டேட்டாவை வெச்சுக் காட்டின ஆய்வுகள் இருக்கு. ஊர்க்காரங்க கோபப்பட்டா அரசாங்கம் உள்ள வரும். நியூயார்க் 2023 செப்டம்பர்ல இருந்து, 30 நாளுக்குக் குறைவா வாடகைக்கு விடணும்னா வீட்டுக்காரர் பதிவு பண்ணணும், கெஸ்ட் இருக்கும்போது அவரும் அங்கயே இருக்கணும்னு அமல்படுத்திடுச்சு. பார்சிலோனா 2028 நவம்பருக்குள்ள சுமார் 10,000 சுற்றுலா அபார்ட்மென்ட் லைசென்ஸையும் முடிச்சுக்கறதா 2024-ல அறிவிச்சது.

அது வெளிநாடுன்னு தள்ளிட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே வெச்சது: கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. மலையைப் பார்த்தா அது சரியான உத்தரவுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா நீங்க போட்ட "சீசன்ல 28 ராத்திரி" கணக்கு, மலை ஏற அனுமதி கிடைக்கிற வண்டி எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது. கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருக்கா, குடியிருப்பா வணிகமான்னு வக்கீலை வெச்சுப் பாக்காம டோக்கன் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இதையே எனக்குச் செய்யணும்னா எப்படிச் செய்வேன்?

வாங்க மாட்டேன். இருக்கறதுல ஆரம்பிப்பேன். காரைக்குடி பக்கமோ, தரங்கம்பாடி பக்கமோ, தென்காசியிலயோ அப்பா அம்மா இருக்கற வீட்டுல ரெண்டு ரூம் சும்மா பூட்டிக் கிடக்குதுன்னா, அதே ₹3,150 ரேட்டுக்கு, அதே ₹20,000 செலவுக்கு, மாசம் 8 ராத்திரி வந்தாப் போதும். இஎம்ஐ இல்லாததால 22 ராத்திரி 8 ஆகுது. கெஸ்ட் வரும்போது வீட்டுல ஆள் இருக்கு. லூகா சொன்ன அந்தச் சின்ன முதலாளிக்கான ஆதாயம் இந்த வீட்டுக்குத்தான் முழுசாப் பொருந்தும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஹோம்ஸ்டே அங்கீகாரத் திட்டமும் அப்படித்தான்: ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரை, உரிமையாளர் குடும்பம் அங்கயே குடியிருக்கணும். சென்னையில உக்காந்துக்கிட்டு மலையில பூட்டின வீட்டுக்கு அது கிடைக்காது. பெத்தவங்களுக்கு இதுல விருப்பம் இருக்கான்னு முதல்ல கேளுங்க. வேலை பூரா அவங்க தலையில, பணம் உங்க அக்கவுன்ட்லன்னு ஆகிடக் கூடாது. வீடு அப்பா பேர்ல இருந்து அவர் நடத்தினா, வருமானம் அவரோடது, வரியும் அவர் கணக்குல.

வரி விஷயம்

வீட்டை வெறுமனே வாடகைக்கு விடறதும், சாப்பாடு, சுத்தம், துணின்னு சேவையோட கெஸ்டைத் தங்க வைக்கிறதும் வரியில வேற வேற தலைப்பு. 2024 ஜூலை பட்ஜெட்ல வந்த திருத்தப்படி, குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விடற வருமானத்தைத் தொழில் வருமானமாக் காட்ட முடியாது, வீட்டுச் சொத்து வருமானமாத்தான் காட்டணும். சேவையோட நடத்தற ஹோம்ஸ்டே தொழில் பக்கம் சாயும். உங்க ஏற்பாட்டை ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டி முதல் வருஷமே முடிவு பண்ணிக்கோங்க, வருஷா வருஷம் மாத்தாதீங்க. தொழில் வருமானம்னா ஐடிஆர்-1 போட முடியாது.

எந்தத் தலைப்பா இருந்தாலும், புதிய வரி முறையில இருக்கறவங்க இதுல வர்ற நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. தொழில் நஷ்டத்தைப் பழைய முறையிலயும் சம்பளத்துல கழிக்க முடியாது. "நஷ்டம் வந்தா டாக்ஸாவது மிச்சமாகும்"னு ப்ரோக்கர் சொன்னா, இதைக் காட்டுங்க.

ஜிஎஸ்டி: வருஷ வியாபாரம் 20 லட்சத்துக்குள்ள, நீங்க பதிவு பண்ணல, புக்கிங் பிளாட்ஃபார்ம் வழியா வருதுன்னா, ஜிஎஸ்டி கட்ட வேண்டியது பிளாட்ஃபார்ம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாளைக்கு ₹7,500 வரை உள்ள ரூமுக்கு 5%. உங்க சம்பளம் அந்த 20 லட்சத்துல சேராது.

பிளாட்ஃபார்ம் உங்களுக்குக் குடுக்கற பணத்துல 0.1% டிடிஎஸ் பிடிக்கும். தனிநபருக்கு வருஷம் 5 லட்சத்துக்குள்ளன்னா, பான் குடுத்திருந்தாப் பிடிக்காது. பிடிக்கலைன்னா வரி இல்லைன்னு அர்த்தம் இல்ல, ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும். கம்பெனி பிடிக்கற டிடிஎஸ் உங்க சம்பளத்துக்கு மட்டும்தான். ஹோம்ஸ்டே லாபத்தால கூடுதல் வரி ₹10,000 அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் நீங்களே கட்டணும்: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. வெளிநாட்டு கெஸ்ட் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள சி ஃபார்ம் ஆன்லைன்ல ஏத்தணும். இதை நிறையப் பேர் மறந்துடறாங்க.

மேல போட்ட கணக்கு முழுசும் எக்செல்லா வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டத்துல ரேட்டு, ராத்திரி, கமிஷன், இஎம்ஐ மட்டும் மாத்துங்க. ராத்திரி கட்டத்துல முதல்ல 12 போட்டுப் பாருங்க, அப்புறம் 17, கடைசியா ப்ரோக்கர் சொன்ன 20.